பாறைத் தீவு வரைக்கும்

“கால் பிடிச்சுக்கிச்சு! படகு... படகைக் கொண்டா இங்க!”

கத்தியது சஃபினாஸ். கரையில் நின்றவர்களால் நம்பவே முடியவில்லை. அலெக்சாந்திரியாவின் குளிர்காலக் கடலிலேயே சிரித்துக்கொண்டு நீந்துகிறவள் அவள். அந்த நீச்சல் குழுவில் ஆண்களே அவளுக்குப் பின்னால்தான்.

அதுவும் இன்றைக்கா?

இன்று தஹானியின் நாள்.

தஹானிக்கு ஐம்பத்தாறு வயது. மார்பில் அறுவை சிகிச்சை முடிந்தபின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. டாக்டர் சொல்லித்தான் நீச்சலுக்கு வந்தாள். வந்த இடத்தில் ஓர் ஆசை முளைத்தது. எதிரே தெரிகிற பாறைத் தீவை ஒரு தடவையாவது நீந்திப் போய்த் தொட வேண்டும்.

இதற்குமுன் இரண்டு முறை கிளம்பினாள். இரண்டு முறையும் பாதி வழியில் படகில் ஏறிவிட்டாள்.

“இன்னிக்கும் முடியலைன்னா இனிமே கடல் பக்கமே வரமாட்டேன்” என்று மகள் நூரானிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருந்தாள்.

படகோட்டி ஷெஹாத்தா அவளை ஒட்டியே துடுப்பு போட்டு வந்தான். முதல் தடவை தீவுக்குப் போகிறவர் பக்கத்தில் படகு இருந்தே ஆக வேண்டும். பயிற்சியாளர் கேப்டன் லுத்ஃபி அதில் கண்டிப்பு.

பாதி தூரத்தில் தஹானிக்கு மூச்சு வாங்கியது. கை சோர்ந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “ஷெஹாத்தா, போதும்பா...” என்று ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சஃபினாஸின் அலறல்.

தஹானி திரும்பிப் பார்த்தாள். சஃபினாஸின் தலை தண்ணீருக்குள் போய் வந்தது.

“ஐயோ, என்னை விடு! போ, போய் அவளைப் பாரு!”

படகைத் தன் கையாலேயே தள்ளிவிட்டாள்.

படகு விலகிப் போனது. தஹானியைச் சுற்றி வெறும் தண்ணீர். சற்றுத் தள்ளி கேப்டன் லுத்ஃபி நீந்திக்கொண்டிருந்தார். தீவு இன்னும் தூரத்தில்தான் இருந்தது.

அவள் நீந்தினாள். மெதுவாக, நின்று நின்று, மல்லாந்து மூச்சு வாங்கி, மறுபடி நீந்தினாள்.

தொட்டுவிட்டாள்!

திரும்பும்போது படகில்தான் வந்தாள். அதனால் என்ன? கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். “மப்ரூக்! மப்ரூக்!” என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். தட்டு நிறைய பஸ்பூசா இனிப்பு வந்தது. கெட்டில் கெட்டிலாய்த் தேநீர் வந்தது. தஹானி ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பி அழுதாள்.

சஃபினாஸ் ஓர் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“அடுத்த வாரம் இந்தம்மாவுக்குக் காத்தடிச்ச ட்யூப் ஒண்ணு வாங்கிக் கொடுங்கப்பா!” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“அடுத்தவ தீவைத் தொட்டா இவளுக்குப் பொறுக்குமா? எல்லாரும் தன்னையே பார்க்கணும்” என்று யாரோ முணுமுணுத்ததும் அவள் காதில் விழுந்தது.

நூரானால் அடக்க முடியவில்லை. நேரே வந்து நின்றாள்.

“ஆன்ட்டி, எங்கம்மா அங்க மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல படகைப் பிடுங்கிக்கிட்டீங்களே! அவங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

“தப்புதான் கண்ணு. மன்னிச்சுக்க.”

“ரெண்டு வருஷத்துல எங்கம்மா சந்தோஷமா இருக்கிறது இன்னிக்கு ஒரு நாள். அதையும் கெடுக்கப் பார்த்தீங்க.”

சஃபினாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

ஷெஹாத்தா படகை மணலில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கடந்துபோனபோது குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“மேடம், படகுல ஏறினதும் நீங்க காலைத் தொடக்கூட இல்லையே! தஹானி மேடத்தையேதான் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. ‘துடுப்பைக் கீழ வெக்காதே, கூப்பிட்டா உடனே போகணும்’னு வேற சொன்னீங்க. நிஜமா கால் பிடிச்சுதா?”

“மெதுவாப் பேசு.”

“தள்ளிப் போடான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனே? எதுக்கு இத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்கணும்?”

சஃபினாஸ் கூட்டத்தின் நடுவில் இருந்த தஹானியைப் பார்த்தாள்.

“நீயாத் தள்ளிப் போனா பயந்திருப்பா, ஷெஹாத்தா. படகுலேருந்து அவளாத்தான் கையை எடுக்கணும். தனக்காக எடுக்க மாட்டா. இன்னொருத்தி உயிருன்னா எடுப்பா.”