ஷெட்டுப் பக்கம் வராதவள்

"கார்ப் பேச்சை வீட்டுக்குள்ள எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஒரு வார்த்தை என் காதுல விழக்கூடாது!"

மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பல் டாக்டர் சொல்ல வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த மச்சினனுக்குச் சிரிப்பு முட்டியது.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம் ஷெட்டுக்கு வந்து எட்டிப் பாரேன். மாமா எவ்வளவு ஆசையா..."

"கால் வைக்க மாட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுடா, விரலெல்லாம் கிரீஸ்!"

மாதக்கணக்காக இதே கதைதான்.

மரக்கடைக் கொல்லையில் எலிக்குக் குடித்தனம் கொடுத்துக்கொண்டு கிடந்த அந்தக் காரை டாக்டர்தான் ஆசைப்பட்டு வாங்கினார். உருண்டைக் கண்ணும் உப்பிய கன்னமுமாக, அவர் பிறப்பதற்கு முன்பு வந்த மாடல். உடம்பு உருக்கு. எஞ்சின்தான் சொத்தை. பாலம் ஏறுவதற்குள் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திப் போனார்கள்.

சொத்தையைப் பிடுங்குவது டாக்டருக்குப் புதிதா என்ன? விபத்தில் நொறுங்கிய புதுக் கார் ஒன்றிலிருந்து டர்போ எஞ்சினைக் கழற்றி வாங்கி வந்தார். வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற ரகம். வெல்டிங் பட்டறை வைத்திருந்த மச்சினன் ஞாயிறு தவறாமல் வந்து சேர்ந்தான்.

எஞ்சின் அவ்வளவு சுலபத்தில் உட்காரவில்லை. எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடித்தது. அதை வெட்டி ஒட்டினால் ரேடியேட்டருக்கு இடமில்லை. ரேடியேட்டரை முன்னால் தள்ளினால் பானெட் மூட மாட்டேன் என்றது. இருவரும் சண்டை போட்டார்கள், ஸ்பானரை வீசினார்கள், மறுபடி தேடி எடுத்து வந்தார்கள்.

ஒரு ஞாயிறு காலை அது உறுமிவிட்டது. தெருவே திரண்டு வந்து கை தட்டியது. பால்காரர் விசில் அடித்தார். டாக்டர் மட்டும் கூட்டத்தைத் தாண்டி வீட்டைப் பார்த்தார். மனைவி அடுக்களை ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"ஊரே வந்துச்சு, ஒருத்தி வரலையே மாப்ளே" என்றார்.

"விடுங்க மாமா. அது கிடக்கட்டும், புது எஞ்சினுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுல ஆபீசர் கையெழுத்துப் போடணுமே, அதைச் சொல்லுங்க. இல்லன்னா வண்டி ஷெட்டை விட்டு நகர முடியாது."

அந்த வட்டாரத்துக்கே ஒரே அதிகாரிதான். காபி வாங்கிக் கொடுத்துக் குழைந்தவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பிய ஆள்.

"போன மாசம் சொந்தச் சித்தப்பா வண்டியையே, புகை ஜாஸ்தின்னு திருப்பி அனுப்பின கை மாமா அது."

"தெரியாமத்தான் பயப்படுறேனா? முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாட்டிடுவோம். வேகம் கூடினா நிக்கவும் தெரியணும்ல?"

மாட்டினார்கள். சைலன்சரை இரண்டு முறை மாற்றினார்கள். டர்போவின் சூடு பிரேக் குழாயில் படாமல் தகடு வைத்து மறைத்தார்கள்.

சோதனை நாளன்று காரை லாரியில் ஏற்றி ஆர்.டி.ஓ. மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டிருந்தார். ஆயிரம் பேரை வாயைத் திறக்கச் சொன்ன மனிதருக்கு அன்று தன் வாயே உலர்ந்து போயிருந்தது. காக்கிச் சட்டையும் தொப்பியுமாக அதிகாரி வந்தார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"ஓனர் யாரு?"

"நான்... நான்தாங்க."

"பானெட்டைத் திறங்க. தள்ளி நில்லுங்க."

டார்ச் வெளிச்சம் எஞ்சினுக்குள் ஒவ்வொரு மூலையாக நுழைந்து வந்தது. அதிகாரி தரையில் சாக்கை விரித்துப் படுத்து அடிப்பக்கம் முழுதும் பார்த்தார். ஓட்டிப் பார்த்தார், சடாரென்று நிறுத்திப் பார்த்தார். புகையை அளந்தார், சத்தத்தை அளந்தார். மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒரு பார்வைதான், அடங்கிவிட்டான்.

"இந்தக் காத்துக் குழாய்ல கிளிப் லூஸ். இதோட ரோட்டுல போனா பாதியில கழண்டுக்கும்."

"இப்பவே இறுக்கிடுறேங்க!"

டாக்டர் குனிந்து ஸ்குரூடிரைவரால் இறுக்கினார். அதிகாரி குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. காரை இன்னொரு முறை சுற்றி வந்தார். பிறகு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"பாஸ்."

டாக்டர் காரின் மேலேயே சாய்ந்துவிட்டார். மச்சினன் அவரை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். டூட்டி முடிந்திருந்தது. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, காரின் உப்பிய கன்னத்தை ஆசை தீரத் தடவினார்.

"புருஷன் வண்டிக்குப் பெண்டாட்டி சலுகை காட்டிட்டாள்னு நாளைக்கு ஒரு நாக்கு பேசிடக் கூடாதுன்னுதாங்க இத்தனை நாளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். சாவியைக் குடுங்க, பாலத்து மேல முதல்ல நான்தான் ஓட்டுவேன்!"

"ஐயோ, மாமா, பெல்ட்டைப் போடுங்க" என்று பின் சீட்டுக்குள் பாய்ந்தான் மச்சினன். "அக்கா இன்னிக்கு நிறுத்த மாட்டா!"