யானாமுக்குப் பதின்மூன்று முட்டை

பார்சலைப் பிரித்துக் காட்டினால்தான் முத்திரை குத்துவேன் என்று தபாலாபீஸ் கவுண்டரில் இருந்த சூசான் அம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

போன வருஷம் நாங்கள் அனுப்பிய முட்டை உடைந்து ஒழுகி, கூடப்போன கடிதாசியெல்லாம் நாறிவிட்டதாம். அதற்கு முந்தின வருஷமும் அதே கதையாம்.

எனக்கு வந்ததே கோபம். முத்திரை குத்துகிறேன் பேர்வழி என்று நீங்கள் போடுகிற போட்டில் தேங்காயே உடையும், முட்டை எம்மாத்திரம் என்று கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். எனக்கு மெதுவாகப் பேச வராது.

பக்கத்தில் என் மனைவி மணியம்மாள் பார்சலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் தனக்கொடிக்கு அடைவைக்க முட்டை அனுப்பியே ஆகவேண்டும் என்று ஒரு வாரமாக என் உயிரை வாங்கியவளே இவள்தான்.

மாப்பிள்ளைக்குப் புதுச்சேரி சர்க்கார் வேலை. தூக்கி யானாமில் போட்டுவிட்டார்கள். அவசரத்துக்குப் போய்ப் பார்க்கிற தூரமா அது?

ஆந்திராவில் கோழியே இல்லையா என்று கேட்டால், நம் வீட்டுப் பெருவிடைக் கோழி மாதிரி வருமா என்பாள். அங்கேதான் நான் விழுந்துவிடுவேன். என் சேவல் நின்றால் முழங்கால் உயரம். அதன் வித்து யானாமில் கூவும் பாருங்கள் என்று மாப்பிள்ளையிடம் சவடால் வேறு அடித்து வைத்திருந்தேன்.

இரண்டு தடவையும் ஒரு முட்டைகூடத் தேறவில்லை. எல்லாம் போய்விட்டது அப்பா என்று மகள் எழுதியிருந்தாள். உனக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று எரிச்சலில் நானும் பதில் போட்டேன்.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. நான் வேலை பார்க்கிற மில்லில் இருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்து, பதின்மூன்று முட்டையையும் நானே சுற்றினேன். நானே உமி கொட்டினேன். மூடிக் கட்டுவதற்கு மட்டும் மணியம்மாளிடம் கொடுத்தேன். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் போட்டபோதெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பார்த்துக்கொள்ளுங்கள் என்று கயிற்றை அறுத்தேன்.

சூசான் அம்மாள் உமியைக் கிளறினாள். நடுவில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து டங்கென்று கவுண்டரில் வைத்தாள்.

பாக்குவெட்டி. இரண்டு நாளாக நான் வீட்டையே புரட்டித் தேடிய பாக்குவெட்டி.

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடைக்கூடையில் இரும்பு போடுவது வழக்கம்தான், இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடக் கூடாதென்று. அது கூடையில்! ஐந்நூறு மைல் உருண்டு போகிற பெட்டிக்குள், முட்டைக்கு நடுவில், அரைக்கிலோ இரும்பை வைப்பாளா ஒருத்தி? இரண்டு வருஷமாக இந்தத் தபாலாபீஸையே நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். அறிவிருக்கிறதா உனக்கு என்று, அதையும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

மணியம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோரம் வந்தாள்.

“முட்டைக்கு இல்லீங்க. நம்ம கொடி தலமாட்டுல வச்சிக்க, காத்து கருப்பு அண்டாம. அவளுக்கு இது நாலாம் மாசம். போன ரெண்டு தடவையும் சின்ன இரும்பாத்தான் வச்சி அனுப்புனேன். ரெண்டுமே தங்கல. உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிடுவீங்கன்னு அவதான் வேணாம்னா.”

சூசான் அம்மாளுக்கு இது எதுவும் கேட்கவில்லை. இரும்பும் முட்டையும் ஒரே பெட்டியில் போகாது, இரண்டில் ஒன்றுதான், எது என்று சீக்கிரம் சொல்லுங்கள் என்றாள். வரிசை முணுமுணுத்தது.

நான் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணியம்மாளின் முந்தானையில் வைத்தேன். பதின்மூன்றையும் எடுத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு பாக்குவெட்டியைப் பஞ்சில் சுற்றி உமிக்குள் வைத்து, இது போகட்டும் என்றேன்.