மூன்றாவது கனைப்பு

விசாரணை அறையின் மேஜைமேல் மத்தியான வெயில் பாளமாக விழுந்து கிடக்கிறது. மலையில் மோதிய விமானத்தின் கடைசி நிமிடப் பதிவு ஓடுகிறது. குரல் அடையாளம் சொல்ல வந்திருக்கும் துணை விமானியின் மனைவி, ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொள்கிறாள். "மலையைத் தாண்டியாச்சு, இறக்கலாம்" என்கிறார் மூத்த விமானி. அதன்பின் ஒரு கனைப்பு. சற்று விட்டு இன்னொன்று. "இது யாரும்மா?" என்று கேட்கிறார் அதிகாரி. "எங்க வீட்டுக்காரர்தான் சார். பெரியவங்க தப்பாச் சொன்னா அவருக்கு எதுத்துப் பேச வராது, கனைப்பாரு. மாமனார்கிட்டகூட அவருக்காக நான்தான் பேசுவேன்." மூன்றாவது கனைப்பு கேட்கிறது. திரையில் நடுங்கி ஓடும் ஒலிக்கோட்டின் பக்கம் குனிந்து, வீட்டில் அதட்டுகிற அதே குரலில் அதட்டுகிறாள்: "வாயத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!"