தகப்பன் கிடந்த இடம்

வெரிபீ நகருக்கு வெளியே உள்ள ஓர் இனப்பெருக்க நிலையத்தில், அழிந்துவரும் ராட்சத சாலமாண்டர்களைப் பராமரிப்பது நிரஞ்சினியின் வேலை. தண்ணீருக்குள் வாழும், பல்லி போன்ற பிராணி. நாலு வயதுப் பிள்ளையின் நீளம் இருக்கும். முட்டைகளைக் காப்பது ஆண்தான். பொந்துக்குள் கிடந்து வாலால் தண்ணீரை விசிறிக்கொண்டே இருக்கும். விசிறாவிட்டால் முட்டைகளில் பூஞ்சை பிடித்துவிடும்.

பல வருடங்களுக்குப் பிறகு முட்டைகள் கிடைத்த மாதத்தில் ஆண் செத்துப்போனது. நிரஞ்சினியும் மேற்பார்வையாளர் சடகோபனும் அதைத் தூக்கிப்போய், பரிசோதனைக்காக ஃப்ரீசரில் வைத்தார்கள்.

"இனி இந்த முட்டைங்க தேறாது. எடுத்துடுங்க" என்றார் சடகோபன்.

"நாளைக்கு ஒருக்கா பாத்திட்டு எடுக்கிறன்."

மறுநாள் முட்டைகள் சுத்தமாக இருந்தன. எல்லாம் ஒன்றாக ஒரு பக்கம் சாய்ந்து, மெல்லத் திரும்பின.

"தண்ணி ஓட பம்ப் போட்டீங்களா?" என்று கேட்டார் சடகோபன்.

"இல்லை. நீங்கள் போட்டதெண்டு நினைச்சன்."

நிரஞ்சினி பொந்துக்குள் கையை விட்டாள். தண்ணீர் கையை வெளியே தள்ளியது. ஆண் இருந்தபோதும் அப்படித்தான் தள்ளும்.

சடகோபன் போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். செத்த ஆண், வைத்த இடத்திலேயே கிடந்தது. அதன்பிறகு அவர் முட்டைகளை எடுக்கச் சொல்லவில்லை.

இப்போது முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வந்துவிட்டன. பொந்து நிறைய நெளிகின்றன. நடுவில் மட்டும் நீளமாக ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. குஞ்சுகள் அதற்குள் போவதில்லை. அதன் ஓரத்தில் சாய்ந்து தூங்குகின்றன. அழுக்கை உறிஞ்சும் குழாயை நிரஞ்சினியும் அந்த இடத்தைச் சுற்றித்தான் கொண்டுபோகிறாள்.