முசோண்டாவின் தொடக்கம்

ஜாம்பியாவின் கிட்வே நகரத்து மண்டபத்தில், உருக்காலைப் புகை நுழையும் ஜன்னலோரம் லோம்பே சதுரங்கப் பலகையின் வெள்ளைக் காய்களின் முன் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிச் சுற்று. ஜெயிப்பவருக்கே நாட்டு அணியில் இடம். இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிப் பலிக்கு நிறுத்துகிறாள். எதிரே கசோண்டேயின் கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. போன மாதம் சுரங்கம் சரிந்து செத்துப்போன லோம்பேயின் தம்பி முசோண்டா எப்போதும் ஆடும் கிங்ஸ் காம்பிட் தொடக்கம் அது. மாலைதோறும் அவனோடு ஆடியவன் கசோண்டே.

“அக்கா, இது வேணாம். உங்க ஆட்டத்தையே ஆடுங்க.”

“வெட்டுடா.”

வெட்டுகிறான். கூரைத் தகரம் வெயிலில் விரிந்து படபடக்கிறது. குதிரையையும் மந்திரியையும் தம்பியைப் போலவே கட்டைவிரலால் நெட்டி வைக்கிறாள். பத்தாவது நகர்த்தலுக்குப் பிறகு அவளுக்கு வழி தெரியவில்லை. ராஜா வெட்டவெளியில் நிற்கிறது. கடிகாரம் ஓடுகிறது.

“இந்த எடத்துல அவன் என்ன ஆடுவான்?” கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுகிறாள். நடுவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

“ஒண்ணும் ஆட மாட்டான்க்கா.” கசோண்டே பலகையைப் பார்த்தபடி சொல்கிறான். “இங்கதான் எப்பவும் தோத்துட்டுச் சிரிப்பான்.”

லோம்பே சிரிக்கப் பார்க்கிறாள். உதடு கோணிக்கொண்டு போகிறது. தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவை மெல்லச் சாய்த்துவிட்டு, அதன்மேலிருந்து விரலை எடுக்காமலே இருக்கிறாள்.