கறுப்புக் கிளாஸ்

“நாலாவது தொட்டியிலயும் வாசனை இல்ல!” பீர் ஆலையின் சுவை அதிகாரி கத்தினார். “பெல்ஜியம் பாணிக் கறுப்பு பீர்னா ஈஸ்ட்டால கிராம்பு வாசனையும், கருக்கின சர்க்கரையால திராட்சை வாசனையும் தூக்கணும். மூணு தொட்டியைச் சாக்கடையில கொட்டியாச்சு. இதையும் கொட்டிட்டு வீட்டுக்குப் போ!”

பீர் காய்ச்சுபவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கிளாஸை நீட்டினாள். நிறத்தைப் பார்த்தால் மூக்கும் நாக்கும் ஏமாந்துவிடும் என்பதால் அங்கே எல்லாமே கறுப்புக் கிளாஸ்கள்.

“கடைசியா இதை மோந்து பாருங்க, சார்.”

ஆழமாக மோந்தார். “இதுவும் அதே கதைதான். ஒரு வாசனையும் இல்ல!”

“அது ஆறிப்போன கடுங்காப்பி, சார்.”

அவர் அவசரமாகக் கதவைச் சாத்தினார். “போன மாசம் காய்ச்சல் வந்து படுத்ததுலேருந்து மூக்கு வேலை செய்யலம்மா. முதலாளிகிட்ட சொல்லிடாத.”

“நான் சொல்ல மாட்டேன்.” கதவை விரியத் திறந்தாள். “மூணு தொட்டி, சார்! நீங்களே வந்து சொல்லுங்க.”