ஈயக் குண்டு

மழை பெய்தால் குச்சி மருந்து காயாது என்பதால் தீப்பெட்டி ஆபீஸ் மத்தியானமே பூட்டிக் கிடக்கிறது. பின்பக்கக் கொட்டகையில், தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெளிச்சத்தில், அங்கே பெட்டி ஒட்டும் பத்திரகாளி தன் காதலன் சங்கிலிவீரனின் மார்பைத் தடவுகிறாள். தோலுக்கடியில், இருநூறு வருசத்துக்கு முன் வெள்ளைக்காரக் கும்பினிப் படை சுட்ட ஈயக் குண்டு. அவன் ஓநாயாக மாறும்போதெல்லாம் எலும்பும் சதையும் கரைந்து புதிதாகக் கூடுகின்றன. அதனால்தான் வயதே ஏறவில்லை. ஈயம் மட்டும் கரையாது. மாறும்போதெல்லாம் இருதயத்தை நோக்கி ஒரு கம்புமணி அளவு நகரும். இன்று அதன்மேல் வைத்த விரலிலேயே துடிப்பு தட்டுகிறது. “இன்னொருக்கா மாறுனா செத்துருவிய. மாறாம எங்கூடவே கெழடாயிருங்க” என்கிறாள். “கெழவனுக்குச் சோறு போடுவியாட்டி?” “சும்மாவா? பெட்டி ஒட்டணும்.” அவன் சிரிக்கிறான். வெளியே கரிசல் சேற்றில் செருப்புகள் ஒட்டிப் பிரியும் சத்தம் நெருங்குகிறது. “ஏலே, ஆட்டக் கடிச்ச ஓநாய்த் தடம் இங்கனதாம்லே போவுது! கம்ப எடுங்க!” கூட்டத்தின் கூச்சல் கேட்டதும் அந்தப் பழைய போர்வீரனின் பிடரி மயிர் தானாகச் சிலிர்க்கிறது. “வேண்டாம்யா, மாறாதீய” என்று அவனை இறுகக் கட்டிக்கொள்கிறாள். அவள் விரலுக்கடியில் குண்டு மெல்ல உருளத் தொடங்குகிறது.